மண்ணில்லாத் தோட்டமும் மடுல்சீமை மூட்டையும்

படித்த பிள்ளையிடம் ஒரு குறையைச் சொல்லும்போது கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் என்றால் "அப்படியா" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். படித்தவன் போகமாட்டான். அளவுநாடா எங்கே என்று தேடுவான்.

எங்கள் குடும்பத்தில் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள முதலில் கிடைத்தவன் நான்தான். எனக்கு முன்னால் யாரும் இல்லாததால் பார்த்துத் திருந்தவும் வழியில்லை. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, பல்கலைக்கழகம் போய், விஞ்ஞான ஆசிரியராகப் பதுளை நகரத்துப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தேன். புடவைக்கடை ஒன்றுக்கு மேலே இருந்த மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தேன். அந்த வீட்டில் ஒரு பால்கனி இருந்தது.

லயத்துக் காம்பரா அறைக்கு முன்னால் இஸ்தோப்பு என்ற சின்னத் திண்ணை உண்டு. அதில் நின்றால் எதிர் லயத்து இஸ்தோப்பு தெரியும், அவ்வளவுதான். பால்கனியில் நின்றால் பதுளையே தெரிந்தது. எங்கள் பரம்பரையில் பால்கனியில் நின்று பல் துலக்கிய முதல் ஆள் என்ற பெருமையில், முதல் வாரம் முழுக்கத் தேவைக்கு அதிகமாகவே பல் துலக்கினேன். (கீழே போன ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வெயில் நேரத்தில் குடையை விரித்தார்.)

குறை ஒன்றே ஒன்றுதான். அம்மா வரமாட்டேன் என்றார்.

அப்பா காலமான பிறகு அம்மா லயத்தில் தனியாக இருந்தார். மலை வேலையிலிருந்தும் நின்றுவிட்டார். கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த கை இனிமேல் சும்மா இருக்கட்டும் என்பது என் ஆசை. அந்தக் கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் போஞ்சி, கோவா என்று மரக்கறி போட்டு, மழையென்றும் பனியென்றும் பாராமல் அதிலேயே கிடந்தார். மழைக்காலத்தில் கூரை ஒழுகும். தொலைபேசியில் பேசும்போது அவர் இருமுவது கேட்கும். என்னம்மா என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி இருமுகிறாள் என்பார்.

"அம்மா, இங்க வந்துருங்களேன்."

"வந்து?"

"சும்மா இருங்க."

"சும்மா இருக்கிறதுக்கு எதுக்குத் தம்பி பஸ் ஏறணும்? அதுக்கு இங்கேயே இருக்கலாமே. ஒன் மாடியில மண்ணு இருக்கா? விடிஞ்சதும் கையில கொஞ்சம் மண்ணு படலன்னா எனக்குச் சோறு எறங்காது."

வேறொரு மகனாக இருந்தால் நாலு பூச்சட்டி வாங்கி, மண்ணை நிரப்பி, அம்மாவை அழைத்து வந்திருப்பான். நான் விஞ்ஞான ஆசிரியன். கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று குழாய்கள். அவற்றில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு சலாதுக் கீரைச் செடி. குழாய்க்குள் உரம் கரைத்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மருந்துக்கும் மண் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாடியில் மண் இல்லை என்பதுதானே அம்மாவின் குறை? மண்ணே தேவைப்படாத தோட்டத்தைப் போட்டுவிட்டால் குறை எங்கே நிற்கும்? (அம்மா கேட்டது செடியையல்ல, மண்ணைத்தான் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தேன்.)

திட்டம் போட்டேன். பாடசாலைக்கு வாங்கிய பிரிஸ்டல் போர்ட் அட்டை ஒன்று மிச்சம் இருந்தது. அதில் பால்கனியை அளவெடுத்து வரைந்தேன். சூரியன் எந்தப் பக்கம் எழுந்து எந்தப் பக்கம் சாய்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது, குழாய் எவ்வளவு சரிய வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. தண்ணீர் போகும் வழிக்கு நீல அம்புக்குறி, காற்றுக்குப் பச்சை. தப்பித்தவறித் தண்ணீர் வழிந்தால் பால்கனியில் தேங்காமல் உடனே வெளியே போய்விட வேண்டும் என்று, முன்பக்கத்து மழைநீர்த் தூம்புக் குழாயை நோக்கிச் சிவப்பு அம்புக்குறி ஒன்றும் போட்டேன். முடித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். நீர்மின் நிலையம் கட்டவே போதுமான வரைபடம் அது.

வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கீழே புடவைக்கடை வைத்திருந்த ஹாஜியார்தான் வீட்டுக்காரர். மனம் நன்றாக இருக்கும்போது என்னைச் "சேர்" என்பார். கோபம் வந்தால் நான் "தம்பி" ஆகிவிடுவேன். வரைபடத்தைத் துணி வெட்டும் மேசையில் விரித்து வைத்து விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"சேர், இதில தண்ணி நிக்குமா? நுளம்பு பெருகி டெங்கு வந்தா சுகாதாரக்காரங்க என்னைத்தான் புடிப்பாங்க."

"நிக்காது ஹாஜியார். ஓடிக்கிட்டே இருக்கும்."

"ஓடி எங்க போகும்?"

"எங்கயும் போகாது. சுத்திச் சுத்தி வரும்."

கண்ணாடியைக் கழற்றினார். "எங்கயும் போகாத தண்ணிய நான் இன்னும் பார்க்கல்ல. சரி, செய்ங்க பாப்பம்."

செய்தேன். பீவீசி குழாய் வாங்கினேன். தகர டின் ஒன்றை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குழாயில் வைத்து அழுத்தித் துளை போட்டேன். (வீடு முழுக்கப் புகை. முதல் துளை நீள்வட்டமாக வந்தது. இரண்டாவது எந்த வடிவத்திலும் சேராது.) செடி வைக்க யோகட் கோப்பைகள் தேவைப்பட்டன. நான் ஒருவனே தின்று முடிக்கிற எண்ணிக்கை அல்ல என்பதால் ஆசிரியர் அறையில் உதவி கேட்டேன். விஞ்ஞானத்தின் பேரில் எல்லோரும் யோகட் சாப்பிட்டார்கள். மீன்தொட்டிக்குப் பூட்டுகிற சின்ன மோட்டர் ஒன்று, ஒரு பெரிய வாளி, கடற்பஞ்சுத் துண்டுகள், தண்ணீரில் கரைக்கிற உரம். எல்லாம் பொருத்தி மின்சார ஆளியைப் போட்டேன். வாளித் தண்ணீர் மேல் குழாய்க்கு ஏறி, கீழ்க் குழாய்க்கு இறங்கி, வாளிக்கே திரும்பி வந்தது. எங்கயும் போகவில்லை. நான் கை தட்டினேன். தட்டுவதற்கு வேறு ஆள் இருக்கவில்லை.

சலாது நாற்றுகள் பிடித்தன. கோப்பையின் அடியில் முதல் வெள்ளை வேர் எட்டிப் பார்த்த காலையில் நான் பாடசாலைக்குப் பிந்திப் போனேன். தேயிலைக்கு நடுவே பிறந்து வளர்ந்தும் அதுவரை நான் ஒரு செடிகூட நட்டதில்லை. மம்முட்டியைத் தொட்டாலே அம்மா பிடுங்கிக்கொண்டு "போய்ப் படி" என்பார். அப்படிப்பட்டவன் வளர்த்த செடி அது. அன்றைக்கே அம்மாவுக்கு அழைத்தேன்.

"அம்மா, மாடியில தோட்டம் போட்டுட்டேன்."

"அப்படியா தம்பி? மண்ணுக்கு என்ன செஞ்ச?"

"மண்ணே இல்ல."

"மண்ணே இல்லையா?"

"துளிகூட இல்ல. மண்ணே இல்லாமத்தான் வளக்கிறேன். நீங்க வந்து பாருங்க."

"சரி தம்பி," என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி. "நீ கவலப்படாத."

நான் கவலைப்படவே இல்லையே, இவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். செடிக்கு உரம் கரைக்கிற அவசரத்தில் யோசிக்கவில்லை.

அங்கே நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். அம்மா தொலைபேசியை வைத்ததும் நேரே போய்ச் சொன்னது என் அத்தையிடம். அப்பாவின் தங்கையான அத்தை பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார். அத்தைக்கு ஒரு செய்தி கிடைத்தால் லயத்துக்கே கிடைத்த மாதிரி. "பாவம், மருமகன் பதுளையில கைப்பிடி மண்ணுக்கு வழியில்லாமச் செடிய வெறும் தண்ணியில வச்சிருக்காம்." லயம் கலங்கிப்போனது. நான் பல்கலைக்கழகம் போனபோது பெட்டி ஒருவர், தலையணை ஒருவர், குடை ஒருவர் என்று கொடுத்து அனுப்பிய சனம் அது. தங்கள் பிள்ளை மண்ணுக்குக் கஷ்டப்படுவதைப் பொறுப்பார்களா? ஒருவர் கோவாப் பாத்தியிலிருந்து நல்ல கறுப்பு மண் கொடுத்தார். இன்னொருவர் மக்கிய மாட்டெரு. கோயிலுக்குப் பின்பக்கத்து மண்ணில் ராசி உண்டென்று அதிலும் ஒரு கூடை. எல்லாம் சேர்ந்து ஒரு உர மூட்டை நிறைந்தது.

தவணை விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தபோது அம்மா, அத்தை, மூட்டை மூன்றும் வாசலில் நின்றன. ஏதோ மரக்கறி என்று நினைத்தேன்.

"கண்டக்டர் மூட்டையில என்னன்னு கேட்டான்," என்றார் அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே. "மண்ணுன்னேன். மண்ணான்னான். ஆமா, எங்க வாத்தியாருக்குன்னேன். அவன் பொறகு வாயே தொறக்கல, மருமகனே. தொலஞ்சு போகாம நான்தான் பதுளை வரைக்கும் அதுமேல காலப் போட்டுக்கிட்டு வந்தேன்."

"மண்ணு எதுக்கு அத்தை?"

"மொத தோட்டத்தக் காட்டு," என்றார் அம்மா.

காட்டினேன். வகுப்பில் பேசுகிற குரலில் காட்டினேன். வேருக்குத் தேவையானது மண்ணல்ல, மண்ணில் உள்ள சத்துதான் என்றேன். ஆக்சிசன் என்றேன். சுழற்சி என்றேன். பிரிஸ்டல் போர்டையும் கொண்டுவந்து பிடித்தேன். இருவரும் மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு அம்மா ஒரு யோகட் கோப்பையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை வேர்கள் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கின.

"ஐயோ பாவமே," என்றார் அம்மா.

"வேரெல்லாம் வெளிய தெரியுது மதினி," என்றார் அத்தை. "குளிப்பாட்டிட்டுத் தொடைக்காம விட்ட புள்ள மாதிரி."

"அதுதான் அத்தை விஞ்ஞானம்," என்றேன்.

"இருக்கட்டும் மருமகனே. குளிராதா?"

சிரித்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்குக் கோழி வாங்கச் சந்தைக்குப் போனேன். போகும்போது மனம் நிறைந்திருந்தது. அம்மா என் பால்கனியில் நிற்கிறார். என் செடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு எப்படியும் இங்கேயே இருக்கச் சம்மதிப்பார். வழியில் கண்ட இரண்டு மாணவர்களுக்கு நானே முதலில் வணக்கம் சொன்னேன்.

திரும்பி வரும்போது கடைக்கு முன்னால் கூட்டம். பாடசாலைத் தவணை தொடங்க இருந்த வாரம் அது. ஹாஜியார் கடை முகப்பில் வெள்ளைச் சீருடைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். சின்னதிலிருந்து பெரியது வரை ஒரு பாடசாலையே காற்றில் தொங்குவது போலிருக்கும். அந்த வெள்ளை வரிசையின்மேல், மேலேயிருந்த தூம்புக் குழாய் வழியாக, பழுப்பு நிறத் தண்ணீர் சீராக விழுந்துகொண்டிருந்தது. நான் வரைந்த சிவப்பு அம்புக்குறியின் வழியில் கொஞ்சமும் பிசகவில்லை. என் சரிவுக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை.

"சேர் வீட்டுத் தண்ணியா இது?" என்று கேட்டார் சீருடை வாங்க வந்திருந்த ஒரு தாய். அவருடைய மகன் என் வகுப்பு. நான் கோழிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

ஹாஜியார் ஒரு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "தம்பி," என்றார்.

நான் தம்பி ஆகிவிட்டேன்.

"தம்பி, வானத்தப் பாருங்க." பார்த்தேன். "மழை ஈக்குதா?"

"இல்ல ஹாஜியார்."

"வெளிய வெயில். என்ட கடைக்கு மட்டும் மழை. எங்கயும் போகாத தண்ணி, இப்ப எங்க வந்தீக்கி பாத்தீங்களா?"

மாடிக்கு ஓடினேன். பால்கனியில் அம்மாவும் அத்தையும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை மண்ணாக நின்றார்கள். மூட்டை பாதிக்குமேல் காலி. யோகட் கோப்பைகள் கழுவி, கவிழ்த்து, ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு துளையிலும் மண்ணைத் திணித்து, செடியை நட்டு, விரலால் அமுக்கி, நட்ட செடிக்கு வார்க்க வேண்டுமே என்று வாளி வாளியாகத் தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். மோட்டர் தன் பங்குக்குச் சேற்றை மேலே தள்ளிக்கொண்டு, வயிற்றுவலிக்காரனைப் போல முனகியது. அடைத்துக்கொண்ட குழாயின் துளையெல்லாம் பொங்கி வழிந்தது. வழிந்ததெல்லாம் ஹாஜியாருக்குப் போய்க்கொண்டிருந்தது.

அம்மாவின் முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. அப்பா போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை.

"வா தம்பி. நல்ல நேரத்துக்கு வந்த. முடிச்சிட்டோம்."

"அம்மா," என்றேன். "இது மண்ணு இல்லாத தோட்டம்மா."

"அதான் தம்பி, கொண்டாந்து போட்டாச்சே."

மோட்டரை அணைத்தேன். விசயத்தைச் சொன்னேன். அம்மா கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. அதைப் பார்த்ததுதான் அன்றைக்கு எனக்கு ஆகக் கஷ்டமான காரியம். இந்த வீட்டை ஹாஜியார் காலி பண்ணச் சொன்னாலும் பரவாயில்லை. அம்மா இனிமேல் பதுளைப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் அம்மா கையைக் கழுவிக்கொண்டு, நான் தடுப்பதற்குள் படியிறங்கிப் போனார். நானும் அத்தையும் பின்னால் ஓடினோம்.

"அய்யா," என்றார் ஹாஜியாரிடம். "மண்ணக் கொண்டாந்தது நான்தான். புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் படிச்சவன், அவனுக்கு இதெல்லாம் தெரியாது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். (எனக்காக இதுவரை எடுக்கப்பட்ட வாதங்களில் இதுதான் சிறந்தது.)

"அதெல்லாம் கழட்டிக் குடுங்க. மழையில மலையேறி எறங்குன துணியெல்லாம் வெளுத்த கை இது. வெள்ளையாக் கொண்டாந்து தாறேன்."

ஹாஜியார் அம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒங்கட உம்மாவா?" என்று கேட்டார்.

"ஆமா ஹாஜியார்."

"சேர்," என்றார் பெருமூச்சோடு, "அந்தக் கோழிய மொதல்ல மேல கொண்டு போய் வைங்க. பூனை பாத்துக்கிட்டு ஈக்கி."

நான் மறுபடியும் சேர் ஆகியிருந்தேன்.

அம்மா அன்று மாலை பஸ்சுக்குப் போகவில்லை. துணி துவைக்க வேண்டியிருந்தது. மறுநாள் போக முடியவில்லை; பதுளைக்கு உண்மையான மழை வந்துவிட்டது, துணி காயவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால், வெள்ளை துலங்கட்டும் என்று அத்தை அள்ளி ஊற்றிய நீலம் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. "நான் என்ன அளந்தா ஊத்துறது? மருமகன்தான் அளக்கிற ஆளு," என்று சொல்லிவிட்டு அத்தை ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். அம்மா அத்தனையையும் மீண்டும் அலசினார். மறுபடி மழை. அதற்கிடையில் சும்மா இருக்க முடியாமல், குழாய்க்குள் இருந்த மண்ணைத் தோண்டியெடுத்து, மீன்கடையில் கேட்டு வாங்கிய ரெஜிபோம் நுரைப் பெட்டிகளில் போட்டுக் கோவா நாற்று வைத்தார். ஹாஜியாரின் மனைவி ஒரு நாள் மேலே வந்து கொத்தமல்லி விதை கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒரு நாளின் பேச்சு முடிய மூன்று தேத்தண்ணி ஆனது.

துணியெல்லாம் மடித்துக் கீழே கொடுத்த அன்று, இனிப் போகிறேன் என்று சொல்லப்போகிறார் என நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து கீரையை ஆயத் தொடங்கினார்.

"தம்பி, நான் இங்கேயே இருந்துக்கிறேன்."

"நெசமாவா அம்மா?"

"ஒன்னத் தனியா விட்டுட்டுப் போனா அடுத்தது என்னத்தப் படிச்சிட்டு என்ன செய்வியோ. கீழ இருக்கிற மனுசன் பாவம்."

அம்மா இருந்துவிட்டார். கூரை ஒழுகாத வீட்டில் இருமலும் நின்றது. (பக்கத்து வீட்டுக்காரிக்கும் நின்றுவிட்டதாம்.) அந்தத் தவணை முழுக்கக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும்போது, வெள்ளைக்கு நடுவே அங்கங்கே வானத்து நிறத்தில் சில சட்டைகள் தெரியும். அதிபர் சவர்க்காரத்தைக் குறை சொல்வார். நான் தேசியக் கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இந்தக் கதையை அத்தை விடவில்லை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை எதுவானாலும் பந்தி முடிந்து வெற்றிலை வந்ததும் தொடங்கிவிடுவார். "எங்க மருமகன் ஆத்தாவக் கூட்டிக்கிட்டுப் போக ஒரு கடையையே குளிப்பாட்டுனவன்." ஒவ்வொரு முறையும் தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது. போன கல்யாணத்தில் ஹாஜியார் கடைக்குள் நீந்தினார்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, கதை தெரியாத ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்ப அந்தத் தண்ணிச் செடியெல்லாம் என்ன ஆச்சு?"

அதற்கு மட்டும் அத்தையைப் பதில் சொல்ல அம்மா விடமாட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சமும் சிரிக்காமல் சொல்வார்:

"செடி செத்துப் போச்சு. ஆனா எம்புள்ள போட்ட திட்டம் நல்ல திட்டம்."